முப்பத்தோராவது பெயர்

சிறையிலிருந்து,
12-2-2023

அன்புள்ள அம்சவள்ளி அக்காவுக்கு,

தம்பி பொன்னுரங்கம் எழுதுவது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன். இருமல் விட்டுவிட்டது. நீயும் ஆயம்மாள் அத்தையும் ஷாலினியும் எப்படி இருக்கிறீர்கள்? செவலைப் பசு கன்று போட்டதா? மரவள்ளிக்குக் களை எடுத்தாயிற்றா? இங்கே வாரம் ஒரு முறை போன் பேச விடுகிறார்கள். நம் ஊரில்தான் டவர் இல்லையே, நான் யாருக்குப் பேசுவது? கடிதம்தான் நமக்கு வழி. இந்த ஆந்திராக்காரர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள்.

அக்கா, ஒரு செய்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே ஒரு பாஸ்டர் வருகிறார். சித்தூர்ப் பக்கத்து ஆள், தமிழ் நன்றாகப் பேசுவார். முதலில் அவர் கொடுக்கும் பிஸ்கட்டுக்காகத்தான் போனேன், பொய் சொல்வானேன். மனுஷன் தாய் வயிற்றில் ஒரு தடவை பிறந்தால் போதாது, மனசுக்குள்ளே மறுபடியும் பிறக்க வேண்டும் என்கிறார். குடித்தவன், திருடியவன், பொய் சொன்னவன், அந்தப் பழைய ஆள் செத்துப்போவானாம். புது ஆள் எழுந்திருப்பானாம். தண்ணீரில் முக்கி எடுப்பது அதற்கு அடையாளம் மட்டும்தானாம். அதைக் கேட்ட அன்று என்னை அறியாமல் அழுதுவிட்டேன். எனக்கு அது வேண்டும். நம் ஊர்ச் சாமி கரியராமன் கோயிலை விட்டுப் போகிறான் என்று நீ கோபப்படாதே.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் தம்பி,
பொன்னுரங்கம்


குறுந்தோட்டம், கல்வராயன்மலை,
27-2-2023

அன்புத் தம்பி பொன்னுரங்கத்துக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் திடமாக இருக்கிறோம். அத்தைக்கு முட்டி வலி, அது எப்போதும் உள்ளதுதான். ஷாலினி வெள்ளிமலை ஹாஸ்டலில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பசு கன்று போட்டது. கிடாரி.

நீ எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "முப்பது வயசு ஆம்பள மறுபடி எந்த வயித்துல போயி பொறப்பான், அதையும் அந்த ஐயா சொன்னாரா கேளு" என்று சிரித்தார். சிரித்தாலும் அவருக்குச் சந்தோஷம்தான். நீ குடியை விட்டால் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் எனக்குச் சம்மதம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பசுவை விசாரித்தாய், மரவள்ளியை விசாரித்தாய். உன் மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே, ஏன்? போன வருஷம் தை முடிந்து நீயும் அவரும் ஒன்றாகத்தானே செம்மரம் வெட்ட மேஸ்திரியின் வேனில் ஏறினீர்கள்? பத்து நாளில் வருகிறோம் என்று சொல்லிப் போனீர்கள். நீ பிடிபட்டதாகக் காகிதம் வந்தது. அவரைப் பற்றி ஒன்றுமே வரவில்லை. போலீஸ் துரத்தும்போது மாமா ஒரு பக்கம் ஓடினார், நான் ஒரு பக்கம் ஓடினேன் என்று போன வருஷம் போட்ட முதல் கடிதத்தில் எழுதினாய். எந்தப் பக்கம்? எந்த இடம்? மறுபடி ஒரு தடவை விவரமாக எழுது.

சேராப்பட்டு ஆள் ஒருவர் திருப்பதியில் ஓர் ஓட்டலில் மாவாட்டுகிறவனைப் பார்த்தாராம். அச்சு அசல் உன் மாமா சின்னக்கண்ணுதான் என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து அத்தை, "எம்மவன் அங்க நல்லா துன்னுக்கினு இருக்கறான், போலீசு பயத்துல வராம இருக்கறான்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
அம்சவள்ளி


சிறையிலிருந்து,
20-3-2023

அன்புள்ள அக்காவுக்குத் தம்பியின் ஸ்தோத்திரம்.

உன் கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறேன். அத்தையின் முட்டிக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிடு.

மறுபடி பிறப்பது நான் நினைத்தது போல லேசு இல்லை. ஆசைப்பட்டவுடன் பாஸ்டர் தண்ணீரில் இறக்கிவிடுவதில்லை. யார் யாருக்குக் கெடுதல் செய்தோமோ அவர்கள் பெயரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். வெளியே இருக்கிறவன் என்றால் நேரில் போய்க் கேட்கலாம், நீங்கள் உள்ளே இருப்பதால் கடிதம் எழுதி மன்னிப்புக் கேளுங்கள் என்றார். பழைய ஆள் உள்ளே ஒளிந்துகொண்டிருக்க, மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டால் அது வெறும் குளியல்தானாம்.

நான் எழுதிப் பார்த்தேன். முப்பத்தொரு பெயர் வந்தது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ராஜாம்பாள் சேவலை அடித்துத் தின்றது முதல் எல்லாம் எழுதியிருக்கிறேன். வாரத்துக்கு நாலைந்து கடிதம் போடுகிறேன். ஊரில் யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

வேறு விசேஷம் இல்லை.

பொன்னுரங்கம்


குறுந்தோட்டம்,
8-4-2023

தம்பிக்கு,

நாங்கள் சௌக்கியம். அங்கே வெயில் எப்படி? இங்கே இந்த வருஷம் மலையிலேயே தாங்கவில்லை.

உன் கடிதங்கள் ஊரையே ஒரு கலக்குக் கலக்குகின்றன. ராஜாம்பாளுக்கு அவள் மகள் பாரதி படித்துக் காட்டினாள். ஆறு வருஷமாகக் காட்டுப் பூனை தூக்கிக்கொண்டு போனதாக நினைத்த சேவல், உன் வயிற்றுக்குள் போயிருக்கிறது. "மன்னிச்சிட்டேன்னு எழுதிடு. ஆனா திரும்பி வந்தா ஒரு வெடக்கோழி குடுக்கணும்னு சேத்து எழுது" என்றாள். டீக்கடையில் தினம் ஒரு கடிதம் உரக்கப் படிக்கிறார்கள். அடுத்து யாருக்கு வரும் என்று காத்திருக்கிறார்கள்.

நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து உன் முந்தின கடிதத்தை எடுத்துப் படித்தேன். நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. எந்தப் பக்கம் ஓடினார் என்று கேட்டேன். நீ சேவலைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

ஊர் மூப்பர் வந்தார். ஆடி முடியட்டும், அதற்குள் ஆள் வரவில்லை என்றால் காரியம் செய்துவிடலாம், நீயும் எத்தனை நாள் இப்படியே இருப்பாய் என்றார். அத்தை அவரை வாசலிலேயே நிறுத்தி, "உசுரோட இருக்கறவனுக்கு இன்னா காரியம்" என்று கேட்டு அனுப்பிவிட்டார். நான் உள்ளே நின்றுகொண்டிருந்தேன். அத்தை சொன்னதில்தான் எனக்கும் மூச்சு வந்தது.

பொன்னு, அந்த நோட்டில் என் பெயர் இருக்கிறதா?

அக்கா


சிறையிலிருந்து,
2-5-2023

அக்காவுக்கு,

இருக்கிறேன். சாப்பாடு இறங்கவில்லை, வேறு ஒன்றுமில்லை. நீங்கள் மூவரும் சுகம்தானே?

முப்பது பேருக்கு எழுதி முடித்துவிட்டேன். இருபத்திரண்டு பேர் பதில் போட்டார்கள். ஜூலைக்குள் பெயில் கிடைக்கும் என்று வக்கீல் சொல்கிறார். எல்லாம் நல்ல செய்திதான்.

ஒரு பெயர் பாக்கி இருக்கிறது. பாஸ்டரிடம், ஒன்றை விட்டுவிட்டால் என்ன ஐயா என்று கேட்டேன். நீ மறுபடி பிறக்கவில்லை, சட்டையைத்தான் மாற்றியிருக்கிறாய் என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பகலில் கூட யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலிருக்கிறது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை.

அக்கா, உனக்கு ஒன்று எழுத வேண்டும். எழுதட்டுமா?

பொன்னுரங்கம்


குறுந்தோட்டம்,
15-5-2023

தம்பி பொன்னுரங்கத்துக்கு,

எழுதாதே.

எங்கள் சுகத்தைக் கேட்டிருந்தாய். சுகமாக இருக்கிறோம், அப்படியே இருக்க விடு. போஸ்ட்மேன் சைக்கிள் மேட்டில் ஏறினாலே நான் கொல்லைப் பக்கம் போய்விடுகிறேன். உன் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்கப் பயமாக இருக்கிறது. அடுப்படியில் வைத்துவிட்டு ஒரு பொழுது கழித்துத்தான் பிரிக்கிறேன்.

நீ என்ன எழுதப் போகிறாய் என்று நான் கேட்க மாட்டேன். எனக்குத் தெரிய வேண்டாம். தெரியாத வரைக்கும் அவர் எங்கேயோ இருக்கிறார். திருப்பதியில் மாவாட்டுகிறார். நீ ஒரு வரி எழுதினால் அந்த ஓட்டலிலிருந்து அவரை எழுப்பி அனுப்பிவிடுவாய். ஷாலினி லீவுக்கு வந்தபோது, அப்பா வரும்போது எனக்குக் கொலுசு வாங்கி வருவாரா என்று கேட்டாள். வாங்கி வருவார் என்று சொல்லியிருக்கிறேன்.

உனக்கு ஒரு புதுப் பிறப்பு வேண்டும் என்பதற்காக என் தலையில் கல்லைப் போடாதே. உன் சாமியிடம் சொல். அவருக்குத்தான் எல்லாம் தெரியும் என்கிறாயே. பெயில் வந்தால் பேசாமல் வீட்டுக்கு வா. உனக்குச் சோறு போடுகிறேன். ஒன்றும் கேட்க மாட்டேன்.

அம்சவள்ளி


சிறையிலிருந்து,
30-6-2023

மரியாதைக்குரிய ஆயம்மாள் அத்தைக்கு,

பொன்னுரங்கம் விழுந்து கும்பிட்டு எழுதுவது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அத்தை, இந்தக் கடிதத்தை அக்காவிடம் கொடுக்காதீர்கள். ராஜாம்பாள் மகள் பாரதியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அக்கா என்னை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் சும்மா இருந்து பார்த்தேன். என்னால் முடியவில்லை.

மாமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஓடினோம் என்று எழுதியது பொய். ஒன்றாகத்தான் ஓடினோம். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். இறக்கத்தில் ஓடும்போது மாமா கால் தடுக்கிப் பள்ளத்தில் உருண்டுவிட்டார். நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். தொடை எலும்பு ஒடிந்திருந்தது. தூக்கி நிறுத்தினால் அலறுகிறார். ஒரு பாறைக்குக் கீழே இழுத்துப் போய்ச் சாய்த்து வைத்தேன். பாட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தது, கொடுத்தேன். "மச்சான், என்ன வுட்டுட்டு போயிடாதடா" என்றார். "காலைல ஆள கூட்டிக்கினு வந்துடறேன் மாமா" என்று சொல்லிவிட்டு வந்தேன். சத்தியமாக அந்த நினைப்பில்தான் வந்தேன்.

விடிந்ததும் ரோட்டில் என்னைப் பிடித்துவிட்டார்கள். எத்தனை பேர் வந்தீர்கள் என்று கேட்டார்கள். மாட்டினால் ஒத்தை ஆள் என்று சொல்ல வேண்டும், இன்னொருவன் பெயரை வாய் திறக்கக் கூடாது என்று மேஸ்திரி எங்களுக்கு வேனிலேயே பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். போகிறவர்கள் எல்லாருக்கும் அதுதான் பாடம். அந்தப் பாடத்தைச் சொன்னேன். "ஒத்த ஆளுதாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் மாமா நினைப்பு வந்தது. மாற்றிச் சொன்னால் இன்னும் எத்தனை பொய் சொன்னாய் என்று அடிப்பார்கள் என்று பயந்தேன். மத்தியானம் சொல்லலாம் என்று இருந்தேன். மத்தியானம் ஆனது. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். மூன்றாம் நாள் சொல்ல வாய் எடுத்தேன், இரண்டு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? பத்து நாள் ஆன பிறகு சொல்லி ஒன்றும் ஆகாது என்று விட்டுவிட்டேன்.

முதல் நாளே சொல்லியிருந்தால் மாமா இன்று வீட்டில் இருப்பார். அங்கே கிடந்து என்னைத்தான் கூப்பிட்டிருப்பார். என் நோட்டில் முப்பத்தோராவது பெயர் மாமாவுடையது. அவரிடம் கேட்க முடியாது. பெற்றவர் நீங்கள், உங்களிடம் கேட்கிறேன். என்னை மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள் அத்தை. அந்தப் பழைய பொன்னுரங்கம் தண்ணீருக்குள் செத்துப்போகட்டும். நான் வேறு ஆளாக எழுந்து வருகிறேன்.

பொன்னுரங்கம்


குறுந்தோட்டம்,
9-7-2023

பொன்னுரங்கத்துக்கு,

அத்தை சொல்லச் சொல்ல அம்சவள்ளி எழுதுவது. ஒரு வார்த்தை நான் சேர்க்கவில்லை, குறைக்கவில்லை.

"ஒடம்பு எப்பிடின்னு கேட்டிருந்த. இருக்கறேன். நீ போட்ட காயிதத்த ஒங்க அக்காதான் படிச்சா. எனக்கு எப்பவும் அவதானடா படிப்பா. அவ கிட்ட குடுக்காதன்னு உள்ள எழுதி வெச்சா, பிரிக்கறதுக்கு முன்னால எனக்கு எப்பிடிடா தெரியும்? அந்த வரி வந்ததும் நிறுத்திட்டா. என்ன பாத்தா. படின்னேன். படிச்சா. தண்ணி குடுத்தேன்னு வந்த எடத்துல காயிதத்த கீழ வெச்சிட்டா. நான் ஒரு சொம்பு தண்ணி குடுத்தேன். குடிச்சிட்டு மிச்சத்தையும் படிச்சா. அப்பறம் எந்திரிச்சி போயி மாட்டுக்கு தண்ணி காட்டினா.

மன்னிப்பு கேட்டிருக்கற. அது எங்கிட்ட இல்லடா. எம்மவன் எங்க கெடக்கறான்னு எனக்கு தெரியணும். அந்த ஜெயில்ல பெரிய ஆபீசரு எவனோ அவங்கிட்ட போ. ஒத்த ஆளுன்னு சொன்ன இல்ல, இப்ப ரெண்டு ஆளுன்னு சொல்லு. பெயிலு போனா போவட்டும். அடிச்சா வாங்கிக்க.

பழைய பொன்னுரங்கம் சாவட்டும்னு எழுதியிருக்கற. அவன சாவ வுடாத. அந்த பாறை எங்க இருக்குதுன்னு அவனுக்குத்தான் தெரியும். புதுசா பொறந்ததுக்கு இன்னா தெரியும், பெத்தவ மொகங்கூட தெரியாது. அவன் வந்து எம்மவன காட்டணும். எனக்கு எலும்பு கெடச்சா கூட போதும். காட்டிட்டு அப்பறம் நீ எத்தினி வாட்டி வேணாலும் பொறந்துக்க."

இவ்வளவுதான் அத்தை சொன்னது. ஆயம்மாள் கைநாட்டு கீழே இருக்கிறது. நான் ஒன்றும் எழுதவில்லை.


சிறையிலிருந்து,
28-7-2023

அக்காவுக்கும் அத்தைக்கும்,

பெரிய அதிகாரியிடம் போனேன். பாஸ்டர் கூட வந்து தெலுங்கில் சொன்னார். இரண்டு ஆள் என்று சொன்னேன். யாரும் அடிக்கவில்லை. எழுதி வாங்கிக்கொண்டார்கள். பெயில் இனிமேல் இல்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். வேறு கேஸ் வந்தாலும் வரலாமாம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் சிமெண்டுத் தொட்டியில் இறங்கி முழுகினார்கள். பாஸ்டர் என் பெயரையும் கூப்பிட்டார். இன்னும் நேரம் வரவில்லை ஐயா என்று ஓரமாக நின்றுகொண்டேன். அவர் வற்புறுத்தவில்லை.

ஆகஸ்ட் பதினேழாம் தேதி என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் காலை எட்டு மணிக்குச் சொந்தக்காரர் ஒருவர் வர வேண்டும், சட்டையோ எதுவோ கிடைத்தால் அடையாளம் சொல்ல வேண்டும் என்றார்கள். விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. இடம் மறந்திருக்குமோ என்று பயம் இல்லை. ஒவ்வொரு மரமும் நினைவிருக்கிறது. நான் விட்ட பாறைக்குக் கீழே அவர் இல்லாமல் இருந்தால்? ஒடிந்த காலோடு தவழ்ந்து தவழ்ந்து ரோட்டுப் பக்கம் வந்திருந்தால்? அதைத்தான் நினைத்து நினைத்துச் சாகிறேன். நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லத் தோன்றுகிறது. தனியாகப் பார்க்கவும் தைரியம் இல்லை.

பொன்னுரங்கம்


குறுந்தோட்டம்,
7-8-2023

தம்பி பொன்னுரங்கத்துக்கு,

அத்தைக்கு முட்டி வீங்கியிருக்கிறது, எனக்குத் தலைவலி. மற்றபடி இருக்கிறோம். நீ சாப்பிடு. மலை ஏறி இறங்க வேண்டும்.

ஒரு மாதமாக உனக்கு எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். மூன்று நாள். அவ்வளவு நேரம் அவருக்கு உயிர் இருந்திருக்கும், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதை எழுதத் தொடங்கினால் காகிதம் கிழிந்துபோகிறது. எழுதாதே என்று உன்னைத் தடுத்தவளும் நான்தான். எனக்கும் ஒரு பொய் வேண்டியிருந்தது. நீ பொய் எழுதியதற்காக உன்னைத் திட்ட எனக்கு வாய் எழவில்லை. மற்றதற்குத் திட்டுவேன்.

இரண்டு பேரும் வருகிறோம். வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பதினாறாம் தேதி காலையில் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறுகிறோம். ஷாலினியிடம் திரும்பி வந்து நான்தான் சொல்ல வேண்டும்.

நீ பயப்படுவதுதான் எனக்கும் பயம். அவர் தவழ்ந்து வந்திருந்தால், எவ்வளவு தூரம் வந்தார் என்று நான் பார்க்க வேண்டும். என் பக்கத்தில் நின்று நீயும் பார்க்க வேண்டும். மன்னிப்பை அங்கே கேள். அப்போது என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை, அதனால் இப்போது ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

உன் அக்கா,
அம்சவள்ளி